திரையில் வரைந்த கோபுரம்

பண்டாரவளையை எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் வெள்ளைக்காரத் துரைமார் இளைப்பாறுகிற ஊர் என்பார்கள். மலையிலேயே பிறந்து மலையிலேயே கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு இன்னொரு மலையில் என்ன வேடிக்கை என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா விடவில்லை. பதுளையில் ரயில் ஏறிப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது.

பூந்தோட்டம் வைத்த பங்களாக்களை வெளியே நின்றபடியே பார்த்தோம். பசி வந்ததும் வேடிக்கை அலுத்துவிட்டது. திரும்பும் வழியில், சரிவோரம் கொட்டகை போட்டு ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் தொங்கவிட இரண்டு திரைகள் வைத்திருந்தார். ஒன்றில் மலையும் அருவியும், மற்றதில் கோயில் கோபுரம்.

"மலையத்தான் தெனம் பாக்குறோமே. கோயில் போடுங்க" என்று அடம்பிடித்தவள் நான்தான். என் வாய் சும்மா இருந்ததா!

அந்த வருடம் அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், இடையில் அங்கே போகாமல் குடும்பத்தோடு இந்த நாட்டிலேயே இருந்து வந்தோம் என்று காட்ட வேண்டும். சில மாதம் கழித்துப் பதுளையில் விசாரணை, எல்லோரும் போனோம். கேட்ட பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, கேட்காத அந்தக் கோபுரப் படத்தையும் அப்பா பெருமையோடு நீட்டினார். "எங்க குடும்பங்க."

அதிகாரி அதையே பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் எங்களிடம் கேட்டார்: "உது எந்தக் கோயில்? இந்தியாவுக்கு எப்ப போனனீங்கள்?"

"போகலீங்க ஐயா! அது படம் வரஞ்ச சீலைங்க. பண்டாரவளையில புடிச்சதுங்க" என்றார் அப்பா.

கிளார்க் அதைச் சொன்னார். அதிகாரி தலை நிமிராமல் எழுதினார்.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டோமே" என்று அம்மா வாசலில் நின்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு ஓடினார். அந்தத் திரையையே இரவல் வாங்கி அதிகாரி முன்னால் விரித்துக் காட்டுவது அவர் எண்ணம். கொட்டகையைக் காணோம்.

"சீசன் முடிஞ்சிருச்சுங்க. அந்தாளு எப்பவோ போயிட்டாரு" என்றார் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர்.

கோபுரம் தொங்கிய இடத்துக்குப் பின்னால் மலை இருந்தது. தேயிலைச் சரிவும் ரயில் பாதையும் தெளிவாகத் தெரிந்தன. திரையே போடாமல் எடுத்திருந்தால் அதெல்லாம் படத்தில் விழுந்திருக்கும். அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனுவைத் தள்ளிவிட்டதாகக் கடிதம் வந்தது. விசாரணையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து மாட்டிய படத்தை அப்பா சுவரிலிருந்து எடுக்கவில்லை. கோயிலைக் கேட்டது யார் என்று கடைசிவரை வாய் திறக்கவுமில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.