சைலன்ஸர் கடைப் பட்டியல்

பந்தை மறைக்க வெர்லின் டக்கெட் இடது கைக் கட்டைவிரலைத்தான் பயன்படுத்துவார். டிவியில் அமெரிக்கக் கால்பந்து ஓடும்போது அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் பந்து போகும் இடத்துக்கெல்லாம் விரலையும் நகர்த்திக்கொண்டே போவார். பந்து கண்ணில் பட்டால் புத்தி அதன் பின்னால் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. பந்தைப் பார்க்காமல் அதை எப்படி மறைக்க முடியும் என்று எதிர்க்கடை ஹோய்ட் ஒருமுறை கேட்டுவைத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரால் அந்தக் கடைக்குள் கால் வைக்க முடியவில்லை.

“பந்தப் பாக்குறவன் வேடிக்க பாக்க வந்தவன்” என்பார் வெர்லின். “பந்தத் தூக்கிட்டு ஓடியாறவன எவன் சாய்க்கிறான், சாய்க்கிறதுக்கு முந்தி அவன் காலு எந்தப் பக்கம் திரும்புச்சு? அதப் பாக்கணும்யா. மத்ததெல்லாம் பாட்டுக் கச்சேரி.”

அலபாமாவில் ஹார்லன் கிராசிங் என்ற ஊரின் ஒரே சைலன்ஸர் கடை அவருடையது. ஐம்பத்தேழு வயது, அகலமான உடம்பு, முழங்கை வரைக்கும் வெல்டிங் தழும்புகள். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிக் காதால் பிழைக்கிற மனிதர், டிவியை மட்டும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். வர்ணனையாளர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். “நல்லா சட்ட போட்டிருக்கான், நல்லா பேசுறான். நேத்திக்கு எவனையாவது சாய்ச்சானா அவன்?” என்று கேட்டுவிட்டு, வேகவைத்த நிலக்கடலையின் தோலை ஒரு பழைய சக்கர மூடியில் துப்புவார்.

கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் ஏப்ரல் கடைசியில் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும். அதற்கு இரண்டு வாரம் முந்திய திங்கட்கிழமை, வெர்லினின் கடைக் கண்ணாடியில் பட்டியல் ஏறும். பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில், தடித்த பேனாவால், ஐம்பது பெயர். ஐம்பதும் தடுப்பாட்டக்காரர்கள். பந்தோடு ஓடுகிறவர்களுக்கு அதில் இடமே கிடையாது. “அவனப் பத்தி எழுத நாடு பூரா ஆள் இருக்கு. இவனுக்கு நான் மட்டுந்தான் இருக்கேன்.”

இருபத்து மூன்று வருடமாக இப்படித்தான். எதிராளியைச் சாய்த்துவிட்டு நடனம் ஆடினால் ஓர் இடம் இறக்கம். வானத்தைப் பார்த்து விரலைக் காட்டினால் இரண்டு இடம். விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டால் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. “அது வளர்ப்பு, ஆட்டம் இல்ல” என்பார். ஒருமுறை எவரும் கேள்விப்படாத ஒரு குண்டுப் பையனை ஏழாவதாக எழுதினார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தப் பையன் ஒன்பது வருடம் பெரிய அணிகளில் ஆடினான். அன்றிலிருந்து பட்டியலைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. ஒட்டிய பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றியதும் இல்லை.

இந்த வருடப் பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் கார்டெல் மிம்ஸ். அதே ஊர்ப் பையன், பைன் ரிட்ஜ் கல்லூரியில் நான்கு வருடம் ஆடியவன், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓனீடாவின் மகன்.

ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. இத்தனைக்கும் எந்தப் பத்திரிகையின் பட்டியலிலும் கார்டெல் பெயர் இல்லை. அதனால்தான் ஊருக்கு இன்னும் சந்தோஷம். குண்டுப் பையனின் பெயரும் எதிலும் இருக்கவில்லையே! புதன்கிழமைக்குள் ஹோய்ட் தன் இரும்புச் சாமான் கடையின் நெற்றியில், இரட்டைப் படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு துணியைக் கட்டிவிட்டார். ‘நம்ம ஊர்ப் பத்தொன்பது’ என்று சிவப்புப் பெயின்ட். வெர்லினுக்கு மூன்று வீட்டிலிருந்து பீச் பழப் பணியாரம் வந்தது. மூன்றையும் தின்றார்.

சனிக்கிழமை காலையில் ஓனீடா பேருந்தோடு வந்தார். பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. ஓனீடா உறுமவில்லை. அதுதான் வெர்லினுக்கு உறுத்தியது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஓனீடா கத்தினால் வெயில், பேசாமல் இருந்தால் புயல் என்பது அவருக்குத் தெரியும்.

“உன் பட்டியல இன்னிக்குத்தான் வந்து பாத்தேன்” என்றார் ஓனீடா.

“சந்தோஷந்தானே?”

“அக்டோபர்ல எம் பையன் எப்பிடி ஆடினான்?”

வெர்லினுக்கு முகம் மலர்ந்தது. கிரீஸ் படிந்த நோட்டை எடுத்தார். “அக்டோபர்தான் அவன் மாசமே! அந்த மாசத்த வச்சுதான் பத்தொன்பது போட்டேன். கேளு.”

“கேக்குறேன்.”

“அக்டோபர் ரெண்டாவது வாரம். நாப்பத்து நாலாம் நம்பர். முன்னவிட நல்லாக் குனிஞ்சு ஓடுறான். முட்டி மடங்குது. தேறிட்டான்.”

“குனியல. அது வேற பையன், அரையடி குட்டை.”

“மூணாவது வாரம்” என்று குரலை ஒரு படி இறக்கினார் வெர்லின். “இடது கையால தள்ளப் பழகிட்டான்.”

“அது இன்னொருத்தன், பொறந்ததுலேர்ந்தே இடதுகைக்காரன். ஆட்டத்துல அவங்கம்மா எனக்குப் பக்கத்து சீட்டு.”

“நாலாவது வாரம். ஒடம்பு போட்டிருக்கான்...”

“வெர்லின்! அக்டோபர் பூரா எம் பையன் கணுக்கால்ல கட்டுப் போட்டு பெஞ்சுல உக்காந்திருந்தான். நீ யாரப் பாத்த?”

விஷயம் இவ்வளவுதான். பைன் ரிட்ஜில் பல வருடங்களுக்கு முன் நாற்பத்து நாலாம் எண் சட்டை போட்ட ஒரு தடுப்பாட்டக்காரனுக்குக் கழுத்து ஒடிந்து ஆட்டம் நின்றுபோனது. அவன் நினைவாக, ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் அதிகம் உழைத்த பையன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வான். முதுகில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். இந்த வாரம் யார் என்பதை ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் வர்ணனையாளர் நெஞ்சு உருகச் சொல்வார். கேட்கிற காது வேண்டுமே! செப்டம்பர் முதல் ஆட்டத்துக்கு ஓனீடா தந்த டிக்கெட்டில் வெர்லின் நேரிலேயே போயிருந்தார். அன்று சட்டை கார்டெலுக்கு வாய்த்திருந்தது. அதிலிருந்து அவருக்கு நாற்பத்து நாலு என்றால் கார்டெல். மற்ற நாளில் கார்டெல் போட்டது முப்பத்தொன்று. முப்பத்தொன்றாம் எண்ணை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் வெர்லின், அசடு வழிய.

“மாநிலத்துல நாய் பூனைக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி. உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” ஓனீடா சக்கர மூடியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். “இப்பக் கேளு. மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்துல கம்பத்துல ஏறுற வேலைக்கு இருநூறு பேரு மனு போட்டு ஆறு பேர எடுத்தாங்க. ஆறுல ஒருத்தன் இவன். திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு கடுதாசி எழுதி வச்சிருக்கான். கேட்டா, ‘பத்தொன்பதாவது ஆளு கம்பத்துல ஏறுவானாம்மா’ங்குறான்.”

வெர்லினுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. ஒரு பையனின் சோற்றில் தன் தடித்த பேனா விழுந்து கிடப்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் பதிவு செய்து வைத்திருந்த நவம்பர் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தொன்றை. வெர்லினின் கட்டைவிரல் பந்தோடு நகர்ந்தது, கண் பையனின் காலோடு நகர்ந்தது. நான்கு ஆட்டம், அவன் களத்தில் இருந்த நேரம் மட்டும். ஓனீடா ஒரு கடலைகூட எடுக்கவில்லை.

“சொல்லு” என்றார் கடைசியில். “டாக்டர் மாதிரி இழுக்காத.”

“இடிச்சா நல்லா இடிக்கிறான். பயம் கிடையாது. ஆனா அர நொடி லேட்டு, ஓனீடா. அடுத்தவன் கெளம்பினதுக்கு அப்பறந்தான் இவன் கெளம்புறான். அந்த அர நொடிய யாராலயும் சொல்லிக் குடுக்க முடியாது.”

“எத்தனாவது?”

“நூத்துக்குள்ள இல்ல.”

ஓனீடா தலையை மட்டும் ஆட்டினார். அழவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் உட்கார்ந்தவருக்கு அந்த அரை நொடி தெரியாமலா இருந்திருக்கும்? கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் சொன்னா, அம்மா பயப்படுறாங்கன்னு நெனப்பான். பத்தொன்பதுன்னு எழுதினவன் நீ. நீயே சொல்லு.”

கண்ணாடியில் இருந்த தாளை வெர்லின் அன்றே கிழித்துவிட்டார். அது சுலபமாக இருந்தது. ஆனால் கார்டெல் வீட்டுப் படியேறுவது நடக்கவில்லை. சனிக்கிழமை மூன்று முறை அந்தத் தெருப் பக்கம் போய், மூன்று முறையும் யாரோ ஒருவரின் வண்டிச் சத்தத்தைக் கவனிப்பவர்போல நின்றுவிட்டுத் திரும்பினார். முதலில் துணியை இறக்கிவிடலாம், பையனிடம் பிறகு சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. கோழைகளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு முதல் வேலை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருந்தது. பாதிரியார் பன்னிரண்டரைக்கு முன்னால் ஒருநாளும் பிரசங்கத்தை முடித்ததில்லை. ஹோய்ட் கடையின் பக்கவாட்டில் கிடந்த நீள ஏணியைச் சுவரில் சாய்த்து வெர்லின் ஏறினார். தரையில் படுத்து வண்டிக்கு அடியில் வேலை பார்த்தே பழகிய உடம்பு. ஐந்தாவது படியில் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு ஏணியைக் கட்டிப்பிடித்தார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

அன்றைக்கென்று பாதிரியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு ஊர் வெளியே வந்தது.

“என்னய்யா, குரங்கு வித்தையா?” என்று கீழிருந்து ஹோய்ட் குரல் கேட்டது. “என் துணிய ஏன்யா அவுக்குற?”

“சும்மா இரு ஹோய்ட்.”

“பொறாமையா? நீயே எழுதின பத்தொன்பது மேல நீயே பொறாமப்படுவியா?”

பிறகு இன்னொரு குரல், தணிவாக. “மிஸ்டர் வெர்லின், என்ன பண்றீங்க?”

கார்டெல். கோட்டும் சூட்டுமாக, மெருகு போட்ட ஷூவோடு. பக்கத்தில் ஓனீடா, நீலத் தொப்பி வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

வெர்லின் கண்ணைத் திறக்காமலே சொன்னார். சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். “தம்பி, நான் பாத்தது உன்ன இல்ல. அது அக்டோபர் நாலு வாரத்துக்கு நாலு பேரு. நாலு பேரையும் ஒட்டவச்சு ஒரு ஆளாக்கி, உம் பேர எழுதிட்டேன். நேத்து உம் முப்பத்தொன்னப் பாத்தேன். நீ ஐம்பதுல இல்லப்பா. பக்கத்துலயும் இல்ல. உன்ன எவனும் எடுக்க மாட்டான். தப்பு என்னோடது.”

கார்டெல் ஏணியின் அடிக்கு வந்து நின்றான்.

“அக்டோபர்ல நான் பெஞ்சுல இருந்தேன், மிஸ்டர் வெர்லின். எனக்குத் தெரியாதா?” என்றான். “நீங்க எழுதினதும், செப்டம்பர்லயே அவ்வளவு நல்லா ஆடிட்டோம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்க நல்லா இருந்துச்சு.”

“உங்கம்மா...”

“அம்மா பேசாம இருந்தப்பவே தெரியும்.” ஏணியை மேலும் கீழும் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். “ஏணி சாய்ச்ச லட்சணமா இது? கால் இன்னும் ஒரு அடி வெளிய வரணும். கீழ இறங்குங்க. நான் புடிச்சிருக்கேன். வலது கால எடுங்க. இன்னும். அவ்வளவுதான்.”

வெர்லின் தரைக்கு வந்து சேர்ந்தார். கார்டெல் கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். ஏணியின் காலை இழுத்துச் சரியாக வைத்தான். ஒருமுறை உலுக்கிப் பார்த்தான்.

“நாளைக்கு வேலைக்கு சரின்னு சொல்லிட்டா இதவிட ஒசரத்துல ஏறணும்” என்றான், யாரையும் பார்க்காமல். ஏறினான். தாமதம் இல்லாமல், நிற்காமல், மெருகு போட்ட ஷூவோடு ஏறினான். மேலே போய் ஒரு முடிச்சை அவிழ்த்தான். துணியின் ஒரு முனை மடங்கித் தொங்கியது. ஏணியை நகர்த்தி மறு முனையையும் அவிழ்த்தான். தன் பெருமையைத் தானே நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். ஹோய்ட்டிடம் கொடுத்தான். கோட்டை மாட்டிக்கொண்டான். அம்மாவும் மகனும் மதியச் சாப்பாட்டுக்கு நடந்தார்கள். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது.

வெர்லின் ஏணியின் இரண்டு காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, மேலே ஆள் இருப்பதுபோல, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.