ஒதெத் அறைக்கு வெளியே நின்ற நாற்பது நிமிடங்கள்

ஒதெத் ஷியாஸோன், பிறப்பு 1971, கியூபெக் மாநிலத்தின் லாக்-சான்-ழான் ஏரிக்கரையில். வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டுவது. கணவர் ஃபெர்னான் சீஸ் ஆலையில் பணிபுரிகிறார். இருவரின் வம்சாவளியும் ஒன்பதாம் தலைமுறையில் ஒரே தம்பதியிடம் போய்ச் சேர்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அத்தம்பதி வழியாக இறங்கிய பழுதான மரபணு இருவரிடமிருந்தும் மகன் மாத்திஸுக்கு வந்தது. ஐந்து வயதில் தள்ளாட்டம் தொடங்கியது. பதினெட்டில் சக்கர நாற்காலி.

அந்த நோய்க்கான மரபணுச் சிகிச்சை ஆய்வை வழிநடத்தும் அறிவியல் ஆலோசனைக் குழுவில் ஐந்து விஞ்ஞானிகளும், பெற்றோர் சார்பில் ஒதெத்தும் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு.

"அஞ்சு மூளைக்கு நடுவுல ஒரு ஸ்டியரிங்" என்று ஃபெர்னான் கிண்டல் செய்வார்.

2023 மார்ச் கூட்டத்தில் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: முதல் சோதனையில் நடக்க முடிந்தவர்கள் மட்டுமா, நாற்காலியில் இருப்பவர்களுமா? நடப்பவர்கள் மட்டும் என்பது ஆய்வாளர்களின் முன்மொழிவு. நடையில்தான் பலனை அளக்க முடியும் என்றார்கள். முதலில் சேர்பவர்களுக்குக் கிடைப்பது குறைந்த அளவு மருந்து. மருந்தைச் சுமந்து செல்லும் வைரஸை உடல் ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், மறுமுறை ஏற்காது. முதலிடம் வரமா, கதவடைப்பா என்பது ஒதெத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வாக்கெடுப்புக்கு முன் தலைவர் டாக்டர் லெவாஸர், "சொந்த ஆதாயம் உள்ளவங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். மருந்து நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த விஞ்ஞானி ஒருவர் எழுந்தார். ஒதெத்தும் எழுந்தார். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் அதுவே முறை. எல்லோரும் உறவினர்களாதலால், தன் வீட்டு விஷயம் வந்தால் யாரும் சொல்லாமலே எழுந்து போய்விடுவார்கள். ஒதெத் தொலைபேசியில் பேசப் போகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டனர்.

நாற்பது நிமிடங்கள் கழித்து லெவாஸர் வெளியே வந்தார்.

"மதாம், எங்க போயிட்டீங்க? ரெண்டுக்கு ரெண்டுன்னு நின்னுடுச்சு. சமமா நின்னா முன்மொழிவுதான் செல்லும்."

"என் பையன் விஷயமாச்சே, டாக்டர். நான் எப்படி உள்ள உக்கார்றது?"

"அதுக்காகத்தானே உங்களைக் குழுவுல வெச்சிருக்கோம்!"

தீர்மானம் கையெழுத்தாகிவிட்டது. ஒதெத் இரண்டு மணி நேரத்திற்கு மேல் பனியில் காரோட்டி வீடு சேர்ந்தார்.

நடந்ததை ஒதெத் சொன்னதும், சமையலறையில் மாத்திஸ் கேட்டான்: "அப்ப பிள்ளைங்களை ஏத்தாமலே பஸ்ஸை எடுத்துட்ட?"

"சிரிக்காதடா."

"சரி, உள்ள இருந்திருந்தா எதுக்கு ஓட்டுப் போட்டிருப்ப?"

"தெரியல."

"ம்மா!"

"உன்னைச் சேர்க்கணும்னா, அந்தச் சின்ன டோஸோட உன் வாய்ப்பு முடிஞ்சிடும். வேணாம்னா, நீ காத்திருக்கணும். வெளியில நின்னு அதையேதான் யோசிச்சேன். இப்பவும் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றான் மாத்திஸ். "ஆனா கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி என்னையும் கேட்டிருக்கலாம்."

குழுவிலிருந்து ஒதெத் விலகவில்லை. ஏன் விலகவில்லை என்று நான் கேட்டபோது, அதுவும் தெரியவில்லை என்றார்.

நடக்க இயலாதவர்களுக்கான சோதனை பற்றிய மறுபரிசீலனைக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் ஆகும். மாத்திஸுக்கு இப்போது வயது பத்தொன்பது.