தூரமான நாளில் பறித்த வெற்றிலை

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் பெண்கள் எந்த நாளில் நுழையலாம், எந்த நாளில் நுழையக் கூடாது என்று ஆண்கள்தான் சொல்வார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு கொடியை நட்டதில்லை. நட்டவர் என் மாமியார்.

மலாய் நாட்டில், ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அங்கே போனேன். மாமியார் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் அவருடைய சம்பளத்தையும் சேர்த்துக் கைநாட்டு வைத்து வாங்கியவர் மாமனார். அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. மாமனார் செத்தார், இவருக்கும் வயதாகி வேலை நின்றது. கையில் ஒன்றும் இல்லை. "மகன்கிட்ட வெத்தல பாக்குக்குக் கேட்டு நிக்கணுமா?" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். மறுநாள் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் போய் ஆற்றோரம் லாலாங் புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கேட்டார்.

மண்டோருக்கு அந்த இடம் தேவைப்படவில்லை. "சும்மா கெடக்கிறதுதானே, வச்சுக்கங்க அக்கா" என்றார். இப்படித்தான் தோட்டத்தில் நிலம் கிடைக்கும். எழுத்தில் எதுவும் இருக்காது. பயிர் நிற்கும்வரை உங்களுடையது. பயிர் போனால் மண்டோர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்.

புல்லை வெட்டி, வேரைத் தோண்டி, கொடி ஏற அகத்தி விதை போட்டு, அது ஆள் உயரம் வந்த பிறகு கொடி வைத்தார். ஊரில் அவருடைய அப்பா கொடிக்கால் வேலை பார்த்தவராம். எட்டு வயதில் கப்பல் ஏறி வந்த மாமியாருக்கு அப்பாவின் வேலை அப்படியே மனதில் இருந்தது. காலையில் ஒரு தண்ணீர், மாலையில் ஒரு தண்ணீர். செருப்போடு உள்ளே போகக் கூடாது. மாதவிலக்கில் தூரமான பெண்கள் வேலிப் பக்கமே வரக் கூடாது.

அவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. எனக்குத் தாண்டவில்லை. மாதத்தில் ஐந்து நாள் நான் வேலிக்கு வெளியே பாதையில் நின்று கத்திக்கொண்டிருப்பேன்.

"அத்த, தோட்டத்துல நான் பால்மரம் வெட்டுறேனே, அந்த அஞ்சு நாளும் வெட்டுறேன். பால் என்ன நின்னா போச்சு?"

"அது தொரை மரம். அதுக்கு மானம் ரோசம் கெடையாது. இது வெத்தல. வாய மூடிட்டு வீட்டுக்குப் போ."

இலை வந்தது. நல்ல இலை, தளதளவென்று. ரந்தாவ் மளிகைக் கடைக்குக் கொடுத்தோம். முதல் தடவை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மாமியார் சீனன் காப்பிக் கடை வாசலில் நின்றுவிட்டார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் நடு மேசையில் உட்கார்ந்து, கடை முதலாளியிடம், "தவ்கே, கோப்பி ரெண்டு!" என்றார். கடை முழுக்க ஆண்கள். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவன் திரும்பிப் பார்த்தான். மாமியார் அவனைப் பார்த்து, "என்னடா, ஒனக்கும் வேணுமா?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காப்பியைச் சாசரில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்த அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவர் அப்படி இல்லை.

இலை விற்கிறது என்று தெரிந்தவுடன் மண்டோருக்கு அந்த இடம் வேண்டியதாகிவிட்டது. அவருடைய மச்சான் மாடு வைத்திருந்தான், கொட்டகை போட இடம் தேடினான். மண்டோர் கோயில் முன்னால் நாலு பேர் இருக்கும்போது சொன்னார்: "பொம்பள வச்ச கொடி எத்தன நாளைக்குலா? பட்டுப் போச்சுன்னா எடத்த விட்டுரணும் அக்கா."

"பட்டுப் போனா விடுறேன்" என்றார் மாமியார். எனக்கு ஆத்திரம். எதற்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று வீட்டில் சண்டை போட்டேன். "என் கொடி பட்டுப் போகாது" என்றார். அவ்வளவுதான்.

பக்கத்தில் கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்தில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் வெற்றிலை சொல்லியிருந்தார். அவர்கள் கல்யாணத்தில் வெற்றிலையை அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி வைப்பார்கள், நிறைய வேண்டும். இலை கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் மாமியார் காய்ச்சலில் விழுந்தார். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. "பேச்சு குடுத்திட்டேனே" என்று மட்டும் முனகினார். என் கணவருக்கு வெற்றிலை போடத் தெரியும், பறிக்கத் தெரியாது. எனக்கு அன்று இரண்டாம் நாள்.

உள்ளே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கூடையை நிரப்பினேன். கம்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் இலை மஞ்சளானது. தண்டின் அடி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று, ஒரு கெட்ட வாடை. ஒரு வரிசை போய், அடுத்த வரிசைக்கும் பரவியது. மாமியார் இன்னும் ஒரு தண்ணீர் கூட்டிப் பாய்ச்சினார். இன்னும் வேகமாகப் போனது. குழாயடியில் பெண்கள் பேசினார்கள், "யாரோ தீட்டோட போயிருக்காங்க" என்று. என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள்.

நான் எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள். அதனால் பலருக்கு என்னைப் பிடிக்காது. அந்த ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சம்பிரதாயத்தை நான் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கறுத்த தண்டைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டேன். கடைசியில் ஒருநாள், சோறு போட்டுக் கொடுத்தவரிடம் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அத்த, அன்னைக்கு எல பறிச்சது நான். தூரமா இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கயித்துக்கொடியில ஒன் துணி காஞ்சுதே. காய்ச்சல்ல கண்ணா அவிஞ்சு போச்சு எனக்கு?" குழம்பை ஊற்றினார். "கொழாயடியில கேட்டாளுங்க. நான்தான் காய்ச்சலோட எந்திரிச்சுப் போய்ப் பறிச்சேன்னு சொல்லிட்டேன். நீ வேற எதையாவது ஒளறி வைக்காத. சாப்பிடு."

அவர் அந்தச் சம்பிரதாயத்தை முழுக்க நம்புகிறவர். என்னால்தான் கொடி சாகிறது என்று நம்பிக்கொண்டே அத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். என்னைப் பெற்றவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். அதைச் சொல்லத் தெரியாமல், "கொழம்புல உப்பு இல்ல" என்றேன். "அழுவுறல்ல, அது போதும்" என்றார்.

அந்த வாரம் மலாய்க்கார அம்மா கல்யாணப் பலகாரத்தோடு வந்தார். நேராகக் கொடிக்காலுக்கே வந்துவிட்டார். தண்டைப் பார்த்தார். குதிகாலால் மண்ணை அழுத்தினார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. "பாஞ்ஞாக் சங்காட் ஆயேர்" என்றார். தண்ணீர் ரொம்ப அதிகம். மழை கொட்டுகிற இந்த நாட்டில், ஆற்றங்கரைச் சேற்றில், காய்ந்த ஊர் வழக்கப்படி நாங்கள் இரண்டு வேளை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். அவருடைய கொடி சமையலறைப் பின்னால் மேட்டில் நிற்கிறதாம். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையாம்.

மாமியார் தன் ஓட்டை மலாயில், கையைக் காலை ஆட்டி, அந்த ஐந்து நாட்களைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்த நாள்ல நான் பறிக்காம வேற யாரு பறிக்கிறது, எங்க வீட்டு ஆம்பளையா?" என்று கேட்டார். மாமியாரும் சிரித்துவிட்டார். பிறகு, இது யார் நிலம் என்று அந்த அம்மா கேட்டார். மண்டோர் கொடுத்தது என்றோம். அவர் முகம் சுளித்தார். எங்கள் மாநிலத்து மலாய்க்காரர்களிடம் பரம்பரை நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும். ஒரு பெண் நிலத்துக்காக ஒரு மண்டோரின் வாயைப் பார்த்து நிற்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அதுவரை விளங்கியிருந்தது; அப்படி விளங்கியிருக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் போன பிறகு மாமியார் ஒவ்வொரு வரிசையிலும் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். பாய்ச்சலை நிறுத்தினார். அழுகியதைப் பிடுங்கி எரித்தோம். வரிசைக்கு நடுவில் கால்வாய் வெட்டி ஆற்றுக்குத் தண்ணீரை இறக்க வேண்டும், அது ஒரு ஆள் வேலை இல்லை. வேலை பாதியில் இருக்கும்போது எனக்கு மறுபடி நாள் வந்தது. நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

"என்ன மசமசன்னு நிக்கிற? மம்பட்டிய எடுத்துட்டு உள்ள வா."

"அத்த, நான்..."

"தெரியும். வா."

போனேன். முழங்கால்வரை சேறு. மண்டோரும் அவர் மச்சானும் வந்தது அன்றைக்குத்தான். மச்சான் தோளில் கொட்டகைக் கம்பு.

"கொடி பட்டுப் போச்சு. சொன்ன சொல்லுக்கு எடத்த விடுங்க அக்கா."

"பாதி பட்டுச்சு, பாதி நிக்குது. பச்சையா நிக்கிறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா மண்டோரே?"

"அதுவும் போயிரும். பொம்பளைங்க கண்ட நாள்லயும் உள்ள போனா வேற என்ன ஆகும்? லயமே பேசுது."

"லயம் என்ன பேசுறது, நானே சொல்றேன். என் மருமக தூரமா இருக்கிறப்பதான் பறிச்சா. இன்னைக்கும் தூரம்தான். உள்ளதான் நிக்கிறா. வாங்க, வந்து எடத்த அளந்துக்கங்க."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. இரண்டு ஆண்களுக்கு முன்னால் இப்படியா? ஆனால் வேலியைத் தாண்டி வைத்த காலை மண்டோர் பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். சூடுபட்ட மாதிரி இழுத்தார். மச்சான் கம்பைத் தோள் மாற்றினான்.

"எனக்கு வேணாம் மச்சான். பசு கன்னு போடுற நேரம். தீட்டுப்பட்ட எடத்துல கொண்டுபோய்க் கட்டச் சொல்றீங்களே."

"டேய், கழுவி விட்டா..."

"நீங்க வேணா கட்டுங்கலா. நான் போறேன்."

அவன் போனான். மண்டோர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவரும் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், ஒருவனும் அந்த இடத்தைக் கேட்டு வரவில்லை. வெற்றிலையை மட்டும் கேட்டு வந்தார்கள்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை. குனிந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சது போதும் தாயி. தண்ணி இன்னும் வடியல. ஒரு சாண் ஆழமா வெட்டு."