அப்பாவின் காதுக்கு ஒரு பெருக்கி

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர்களின் இரைச்சலுக்கு நடுவே காலம் முழுவதும் வேலை செய்தவர். வேலையிலிருந்து நின்றபோது காது ஏறக்குறையப் போயிருந்தது. அக்கா வீட்டு வேலைக்குக் குவைத் போன பிறகுதான் வீட்டில் அது பெரிதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கிருந்து போனில் கோல் எடுப்பாள். அப்பா போனைக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டுவார்.

“நீயே பேசு. புள்ள என்னமோ சொல்லுது.”

நான் அப்போது ஹட்டனில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைப் பெருக்கினால் போதும் என்று நினைத்தேன். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து ஒரு பெருக்கி மின்சுற்றைப் பற்றவைத்து, அதன் மைக்கைப் போனின் ஸ்பீக்கருக்கு எதிரே வைத்தேன். ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டினேன். லிந்துலையில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் அன்று மழை.

“தகரத்து மழையத்தான்டா டபுளாக்கிக் குடுத்திருக்க. அது எனக்கு சும்மாவே கேக்குது.”

மைக்கைக் கழற்றிவிட்டுப் போனிலிருந்து நேராக வயர் எடுத்தேன். மழை போய் மின்சார இரைச்சல் வந்தது. அடாப்டரை விட்டு பேட்டரிக்கு மாறினேன். சத்தம் சுத்தமாகவும் பெரிதாகவும் வந்தது. அப்போதும் அக்கா சொல்வது அப்பாவுக்குப் புரியவில்லை.

நான் சுற்றை ஐசி சிப்பிலிருந்து தொடங்கியிருந்தேன். காதிலிருந்து பின்னோக்கி வந்திருக்க வேண்டும். அந்தக் காதுக்கு எது போய்ச் சேருகிறது என்று பார்க்காமலே எத்தனை மடங்கு பெருக்குவது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போனில் ஒரே சீரான ஒலியை வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏற்றினேன். கேட்டால் தலையாட்டச் சொன்னேன். கீழ்ச் சுருதிக்கெல்லாம் ஆட்டினார். ஒலி கீச்சென்று ஆனதும் தலை நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டார்.

“கேட்டுச்சாப்பா?”

“வலிச்சிச்சு. கேக்கல.”

ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே பெருக்க எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருந்த நடுப்பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டேன்.

அடுத்த வெள்ளி அக்கா பேசியதும் அப்பாவின் முகம் விரிந்தது. “பாப்பா கொரலுதான்!” நானும் அதே சுற்றில் ஓர் இயர்போனைச் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. பாஸ்போர்ட்ட தர மாட்டேங்கிறாங்க. என்னைய ஊருக்கு அனுப்ப மாட்டாங்களாம்பா.”

“சரிம்மா, சரி. வெயில்ல நிக்காத. நல்லா சாப்புடு.”

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அழத் தொடங்கினாள். அழுகை தாழ்ந்த சுருதியில் வந்தது. அப்பாவுக்கு அது தெளிவாகக் கேட்டது.

“புள்ள ஏன்டா அழுவுது?”

தோட்ட வரிசை வீடான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் சுவர்தான். நான் எழுந்து அவர் காதருகே குனிந்து, எல்லா வீடுகளுக்கும் கேட்கும்படி அக்கா சொன்னதைக் கத்திச் சொன்னேன்.