பங்காளி நிலத்துக்கு நடந்துபோன கூடாரம்

பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. அப்பா பார்க்கிற பார்வையிலேயே மார்க் போட்டுவிடுவார். அந்தக் கோடையில்தான் என் ஹாஸ்டல் அறைத் தோழன் ஓசூரிலிருந்து சைக்கிள் மிதித்துக் கிருஷ்ணகிரியில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னைத் திட்ட மட்டும் தமிழ் என்று பாகம் பிரித்து வைத்திருப்பவன். கேரியரில் ஒரு பெரிய காக்கி மூட்டை. பட்டாளத்தில் கழித்துப்போட்ட கூடாரம். அவன் மாமா பெங்களூரில் ஏலத்தில் எடுத்ததாம்.

"அணைகிட்ட பார்க் போட்டிருக்காங்கடா. ஆத்தோரமா சைக்கிள் விடலாம், கூடாரம் அடிச்சுப் படுக்கலாம். வெள்ளக்காரப் பசங்க லீவு விட்டா இதத்தான் பண்றானுங்க. மேகசின்ல படமே போட்டிருந்தான்."

"படுக்கறதுக்கு வீடு இருக்கேடா."

"நீயெல்லாம் எதுக்குடா பி.ஏ. படிச்ச?"

நானும் என் சைக்கிளை வெளியே எடுத்தேன். கிளம்பிவிட்டோம்.

தென்பெண்ணையில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பார்க் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நாலு குரோட்டன்ஸ் செடி, ஒரு சிமெண்ட் பெஞ்சு, பூப்பறிக்காதே என்று ஒரு போர்டு. பூவைத்தான் காணோம். காவலாளி எங்கள் மூட்டையைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்கெல்லாம் படுக்கக்கூடாது. பார்க்குன்னா பாத்துட்டுப் போவணும், அவ்ளோதான்."

பார்த்தோம். இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ஆற்றோரமாக லாரி போய்ப்போய் உண்டான தடத்தில் சைக்கிளை விட்டோம். மேகசினில் போட்டிருந்த பாதையில் மணல் கிடையாதுபோல. இதில் முழங்கால் ஆழம். சைக்கிள் எங்களைச் சுமந்தது பாதி தூரம், நாங்கள் அதைச் சுமந்தது பாதி தூரம். கடைசியில் ஒரு மாமரத்து நிழலில், கரம்பாகக் கிடந்த நிலத்தின் ஓரத்தில் கூடாரத்தை அடித்தோம். அடித்த ஐந்தாவது நிமிஷமே நான் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தேன். தோழன் தன் சிவப்புத் துண்டைக் கிழித்து ஒவ்வொரு முளைக்குச்சியிலும் அடையாளமாகக் கட்டினான். வெயிலுக்குத் தலையில், துரைமார் வைக்கிற மாதிரி, மாமாவின் சோலா தொப்பியையும் மாட்டிக்கொண்டான். காக்கி நிக்கர் ஏற்கெனவே இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அது சாயங்காலம்தான் புரிந்தது. உங்களை ஏன் காக்க வைப்பது? அந்த வருஷங்களில் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டவன், குச்சி அடித்து அதில் சிவப்புத் துணி கட்டியவன், தொப்பி வைத்தவன் எல்லாம் ஒரே ஆள்தான். சர்வேக்காரன். அவன் குச்சி அடித்த இடத்தில் கால்வாய் வெட்டுவார்கள். அந்த நிலத்துக்காரர் தூரத்திலிருந்து பார்த்தது எங்களை அல்ல, கால்வாயை. அதுவும் நேராகத் தன் கிணற்றைப் பார்த்து வருகிற கால்வாயை.

வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"கும்பிடறேன் சாமி. வெயில்ல வந்திருக்கீங்க. எளநி வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்க," என்றேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்கிற வளர்ப்பு இல்லை என்னுடையது.

இளநீர் வந்தது. மத்தியானம் கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும் வந்தன. கிராமத்து ஜனங்களின் விருந்தோம்பலைப்பற்றித் தோழன் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தான். அவருடைய மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எந்தப் பக்கமா சார் போவீங்க?"

சைக்கிளைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தோழன் கோழிக் காலால் திசை காட்டினான். "இப்படியே நேரா. அதோ அந்தக் கெணத்த ஒட்டி."

கரண்டி குழம்பிலேயே நின்றுவிட்டது. புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது மூணு கோடை தோண்டுன கெணறுங்க," என்றார் அவர். "நானும் இவளும்தான். போன வருசம்தான் தண்ணியக் கண்டோம்."

"ரொம்ப நல்ல கிணறு," என்றேன் நான், இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு.

சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் தூங்கினோம். எழுந்தபோது கூடாரத்தைக் காணோம். இல்லை, இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அடித்ததைவிட ஒழுங்காக. ஒவ்வொரு சிவப்புத் துணியும் முறையாக அதனதன் குச்சியில்.

"டேய், நாம அங்கயா போட்டோம்?"

"எனக்குத் தெரியும், நான் விழுந்தது இந்த இடம்."

"அப்ப அதுவா நடந்து போச்சா?"

வெயில் தலைக்கேறியிருக்கும் என்று முடிவு செய்து ஆற்றில் குளிக்கப் போனோம். திரும்பி வந்தால் கூடாரம் பழைய இடத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதியை இன்னொரு ஆள் நின்று அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நிலத்துக்காரர்; கிணற்றுக்காரரின் சித்தப்பா மகன், பங்காளி. கிணற்றுக்காரர் ஓடிவந்து ஒரு கயிற்றைப் பிடித்தார். கூடாரம் இரண்டு பக்கமும் இழுபட்டு டர்ரென்றது.

"உன் கெணத்தக் காப்பாத்த என் கொல்லையக் காட்டிக் குடுக்கறியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"டேய், கல்லு மொளைக்கிற கொல்லைடா உன்னுது! கால்வா வந்தா அதுக்கு மரியாதை!"

"கல்லோ மண்ணோ, என் அப்பன் சொத்து. குச்சிய ராவோட ராவா நகத்தற பொழப்பு எங்களுக்கு வராது."

"ராவா? பட்டப்பகல்லதான நகத்துனேன்!"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"சார், நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. கால்வா யாரு பக்கம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோழன் காதில் கிசுகிசுத்தான்: "ஆபீசருன்னே சொல்லிட்டு சைக்கிள எடுத்துருவோம்." அந்தம்மாள் தூரத்தில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு வாய் வரவில்லை, அதாவது பொய்க்கு.

"நாங்க சர்வே இல்லீங்க. காலேஜ் பசங்க. சும்மா வந்தோம்."

"சும்மான்னா?"

"சும்மா, ஆத்தங்கரையில ரெண்டு நாள் படுத்துட்டுப் போலாம்னு."

இரண்டு பங்காளிகளும் அன்றைக்கு முதல்முறையாக ஒத்துப்போனார்கள். ஒருவரும் நம்பவில்லை.

"வீடு இல்லீங்களா உங்களுக்கு?"

"இருக்கு."

"ஊட்டுல சண்டையா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு மண்ணுல படுக்கறீங்க?"

பி.ஏ.யில் இந்தக் கேள்விக்குப் பாடம் இல்லை. அந்தம்மாள் நேராக வந்து எங்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். சீப்பு, ஹேர் ஆயில், ஒரு பாக்கெட் பிஸ்கட், முகம் பார்க்கிற கண்ணாடி இரண்டு. வரைபடம் இல்லை, அளக்கிற சங்கிலி இல்லை.

"ஐயோ, இதுங்க நெசமாலுமே வெட்டிப் பசங்கதான்!" என்றார். "நீங்க தின்னது முட்டை வெக்கிற கோழிடா!"

சாரிலிருந்து டாவுக்கு இறங்க ஒரு மூட்டை பிரிக்கிற நேரம்தான் ஆனது. ஆனால் கிணற்றுக்காரர் முகம் தெளியவில்லை. நாங்கள் சர்வேக்காரர்கள் இல்லை என்றால், நிஜ சர்வேக்காரன் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"படிச்சிருக்கீங்க இல்ல? இங்கிலீசுல ஒரு மனு எழுதுங்க. கெணத்த விட்டுடணும்னு."

"என் கொல்லையையும்," என்றார் பங்காளி.

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் எதையும் எழுதியதில்லை. ஒருவர் கையெழுத்து, ஒருவர் கைநாட்டு. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அணை வேலை ஆபீசுக்குப் போனோம். அங்கே படம் வரைகிறவர் ஒரு பெரிய சுருளை விரித்தார். தேடினார். சிரித்துக்கொண்டே மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பக்கம் கால்வாயே கெடையாதுப்பா. அந்த எடத்துல அக்கரையில மட்டும்தான்."

திரும்பி வந்த வேகத்தில் மணல்கூடத் தெரியவில்லை. எனக்கே ஆச்சரியம், அந்தக் கிணறு எனக்கு அவ்வளவு முக்கியமாகிப் போயிருந்தது. தூரத்திலிருந்தே கத்தினேன்: "வராதாம்! உங்க கெணறு பக்கம் வரவே வராதாம்! அக்கரையிலதான் போவுதாம்!"

கிணற்றுக்காரர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். பங்காளியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்புறம் பங்காளி மெதுவாகக் கேட்டார். "ஏண்ணா, கால்வா அக்கரையில போனா தண்ணியும் அக்கரைக்குத்தான?"

கிணற்றுக்காரர் துண்டை இறக்கினார். "அட ஆமா."

"அவனுங்க ரெண்டு போகம் நெல்லு போடுவான். நாம வேடிக்கை பாக்கறதா?"

"அதெப்பிடி? ஆறு நமக்கும்தான ஓடுது?" அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடுங்க. வேற எழுதுங்க. கால்வா இந்தப் பக்கமும் வந்தே ஆவணும்னு."

அந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்விட்டார். நான் பேனாவைத் திறந்து, சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டேன்.

"சரி, எது வழியா வரணும்னு எழுதட்டும்?"

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. கிணற்றுக்காரர் கை பங்காளியின் கொல்லையைக் காட்டியது. பங்காளியின் கை கிணற்றைக் காட்டியது.