கம்ப்யூட்டருக்கு நான் கொடுத்த கொழுந்து

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். முருகனிடம் அழுதாயிற்று; மனிதர்களிடம் சொல்லத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம். சோலூர்ப் பக்கம் எனக்குச் சின்னத் தோட்டம். இலையைப் படம் பிடித்தால் கொழுந்தா முத்தலா என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமைச் செய்ய, கோவையிலிருந்து செல்வி என்ற கல்லூரி மாணவி வந்தாள். கடைசி வருட புராஜெக்ட். கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் காட்ட நல்ல கொழுந்தாக ஒரு மூட்டை கேட்டாள். ஃபேக்டரிக்குப் போடுவது போலவே, மேலே கொழுந்தும் அடியில் முத்தலுமாகக் கொடுத்தேன்.

"ஏனுங்க மாமா, அடியில முத்தலாட்ட இருக்குதுங்களே?"

என் குட்டு ஃபேக்டரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். "முருகன் மேல சத்தியம் அம்மிணி. அத்தனையும் கொழுந்துதான்."

என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து நம்பிவிட்டாள்.

ஆசிரியர்கள், ஃபேக்டரிக்காரர்கள் முன்னால் சோதனை நடந்தது. எந்த முத்தலைக் காட்டினாலும், என் மூட்டையைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் கொழுந்து என்றது.

"மாட்டுத் தழையக் காட்டு புள்ள, அதையும் கொழுந்துங்கும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"யார் கொடுத்த இலைம்மா?" என்று ஆசிரியர் கேட்டார்.

செல்வி என்னை ஒரு தடவை பார்த்தாள். "இலைய ஒண்ணும் சொல்ல முடியாதுங்க சார். எனக்குத்தான் பார்க்கத் தெரியலீங்க."

பின்வரிசையில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. அவள் அந்த புராஜெக்டில் தேறவில்லை.

இன்றும் திருநீறு பூசும்போது கை கூசுகிறது. இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். அவளுக்கு இலை பார்க்கத் தெரிந்திருந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் நான்.