நான் வாசிக்காமல் விட்ட வரி

அந்தக் கடிதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. உள்ளூராட்சிக் கவுன்சிலின் முத்திரை பதித்த வெள்ளை உறை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மனோர் பார்க்கில், புலம்பெயர்ந்து வந்திருந்த அக்காவின் வீட்டில் நான் தங்கியிருந்தேன். ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அத்தான் அதைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டுவார். படித்தவள் வீட்டில் இருக்கும்போது வேறு யார் வாசிப்பது?

அப்போது நான் அமெரிக்க நாவல்களில் மனிதனும் இயற்கையும் பற்றி முதுகலை ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். காட்டை அழிப்பவன் தன்னையே அழித்துக்கொள்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். எழுதியதெல்லாம் அக்கா பிள்ளைகளின் கட்டிலில் குந்தியிருந்து, அவர்களுடைய சண்டைக்கு நடுவில்தான். அதைப் பார்த்துப் பொறுக்காமல் வீட்டின் பின்னால் எனக்கென்று ஓர் அறை கட்ட அத்தான் தீர்மானித்தார். தோட்டத்து ஓக் மரம் அதற்கு இடைஞ்சல். வெட்டுகிறவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“என்ன போட்டிருக்கிறாங்கள்?” என்றார் அத்தான்.

அது பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது.

“வெட்டேக்கை பக்கத்து வீட்டு வேலிக்குச் சேதம் வரக்கூடாதாம், அத்தான்.”

“வேறை பிரச்சினை ஒண்டும் இல்லையே?”

“இல்லை.”

மத்தியானத்துக்குள் மரம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை கவுன்சில் அதிகாரி வந்தார். அத்தான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. கோர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய முகம் வெளிறிப்போனது. கடிதம் கிடைக்கவில்லையா என்று அதிகாரி கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். அத்தான் என்னை ஒருதரம் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“கடிதம் வந்தது. எனக்கு இங்கிலீஷ் விளங்கேல்லை, ஆரிட்டையும் கேக்கேல்லை எண்டு சொல்லு.”

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

கோர்ட்டுக்கு அவர் தனியாகப் போய் வந்தார். அந்த வழக்கால் பிரஜாவுரிமை இரண்டு வருடம் தள்ளிப்போனது. அறை எழும்பியது. ஆய்வை அங்கேதான் எழுதி முடித்தேன், நல்ல புள்ளிகளும் கிடைத்தன. இன்று அதே பாடத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். நாவலில் மரம் விழும் இடத்தில் என் குரல் கம்மிவிடும். பிள்ளைகள் அதை என் ரசனை என்று நினைக்கிறார்கள்.

அத்தான் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்குப் போய் ஓர் அகராதி வாங்கி வந்தார். அதன்பின் வந்த கடிதங்களையெல்லாம் சமையலறை மேசையில் விரித்துவைத்து, சொல் சொல்லாக விரல் வைத்துத் தேடினார். சில கடிதங்களுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். அவர் தடுமாறித் தடுமாறி வாசிப்பது சுவருக்கு இந்தப் பக்கம், என்னுடைய அறையில், எனக்குக் கேட்கும். ஒருநாளும் அவர் என்னைக் கூப்பிடவில்லை.